பெயர் மாற்றத்துக்கு ரேகை வளர்த்தவர்

அவர் எதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்து நான் கண்டதில்லை. தொட்டுப் பார்ப்பார். முருங்கைக்காய் வாங்கினாலும் சரி, மகளுக்குச் சேலை எடுத்தாலும் சரி, வலது கைக் கட்டைவிரல்தான் முதலில் போகும். ஒரு தடவை அவர்கள் கோயில் தூணுக்குப் புதிதாக நீலம் அடித்து, தொடாதீர்கள் என்று அட்டையும் தொங்கவிட்டிருந்தார்களாம். அட்டையைப் படித்துவிட்டு, தூணையும் தொட்டுவிட்டு, அந்த நீலக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடியே பூசை முழுவதும் நின்றாராம். அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

பிள்ளைகளே, அவர் சங்கு குளிக்கிறவர். தூத்துக்குடியில் தெரேஸ்புரம் கரையிலிருந்து படகில் போய், கடலுக்கு அடியில் மூழ்கி, மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் சங்கை எடுத்து வருகிற வேலை. முன்காலத்தில் இதே கடலில் முத்துக்குக் குளித்தார்கள். அது நின்று எத்தனையோ காலமாகிறது. சங்குக்கு மட்டும் இன்னும் போகிறார்கள்.

தண்ணீருக்கு அடியில் சங்கு எப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்று நான் ஒரு நாள் கேட்டேன். தெரியாது என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இறங்குவார்களாம். ஆனால் கையை வைத்த உடனே சேறு கிளம்பிவிடுமாம். பிறகு எல்லாம் கைதான். கல்லா, செத்த சிப்பியா, உயிருள்ள சங்கா என்று விரல் சொல்லும். சின்னச் சங்கு என்றால் மேலே கொண்டுவரவே மாட்டார். உள்ளங்கையில் வைத்த மாத்திரத்தில் அதன் அளவு தெரிந்துவிடும். அங்கேயே விட்டுவிட்டு வருவார்.

நான் மில்லர்புரத்தில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவன். பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். அப்போது ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் வாளி கட்டிக்கொண்டு அலைந்தேன். தெரேஸ்புரம் பக்கம் ஒரு கடைக்குப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டு வாசலில் பழைய வண்டி ஒன்று நின்றது. பின்கண்ணாடியில் சுண்ணாம்பால் ‘விலைக்கு’ என்று எழுதியிருந்தது. பார்க்க வேன் மாதிரி இருக்கும். காகிதத்தில் அது கார். அதுதான் அவர் வீடு. மகள் நர்சிங் படித்த காலத்தில் கூட்டிப்போய்க் கூட்டிவர வாங்கியதாம். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வண்டி சும்மா நின்று கடற்காற்றில் துருப்பிடிக்கிறது, ஓடுகிற இடத்துக்குப் போகட்டும் என்றார்.

மறுநாள் என் மெக்கானிக் நண்பனைக் கூட்டிப்போனேன். அவன் டார்ச் அடித்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றான். உடனே அவர் என் கையைப் பிடித்து, டிரைவர் பக்கக் கதவுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்.

“இங்கன தடவிப் பாருங்க தம்பி. கரகரன்னு இருக்கா? உள்ள துரு. மழைக்கு முந்தி அடைச்சிருங்க.”

விற்கிறவரே குறையைக் காட்டிக் கொடுத்ததில் என் நண்பனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. எனக்கு அந்த இடத்திலேயே மனம் முடிவாகிவிட்டது. சாவியைக் கொடுக்கும் முன்பு வண்டியைச் சுற்றி ஒரு கையை உரசிக்கொண்டே நடந்தார். ஒரு நெளிவு வந்ததும் நின்று, இது மகள் காலேஜ் கேட்டில் இடித்தது என்றார். இன்னொன்று வந்தது. இது யார் இடித்தது என்று நான் கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போய்விட்டார். உள்ளே இருந்து அவர் மனைவி, “அது அவுகதான் இடிச்சாவ” என்று குரல் கொடுத்தார்.

அந்த அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை. காலையில் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வார். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரே வரியில் ஆளைச் சாய்த்துவிடுவார்.

அன்று முதல் அவர்கள் வீட்டுக்கும் மாவு போட்டேன். ஒரு வாரம் உளுந்து விலை ஏறிவிட்டது. நானும் கொஞ்சம் கைவைத்தேன். அளவில் ஒரு பிடி குறைத்துப் போட்டேன். கடைக்காரர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. இவர் மூடியைத் திறந்து, இரண்டு விரலால் மாவைத் தொட்டு, விரலைச் சேர்த்துப் பிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு பிடியா, ரெண்டு பிடியா?” என்று கேட்டார். அடுத்த நாளே பழைய அளவுக்குத் திரும்பிவிட்டேன். ஊருக்கெல்லாம் போடுகிற மாவில் ஒருத்தர் விரலை விடுகிறார், நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரிக்கு அவர் மேல் கோபம். உளுந்தைக் குறைத்தது நான் என்பதை அவளுக்குச் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன்.

வண்டியை வாங்கினால் சாவி கைக்கு வருவதோடு வேலை முடியாது. வண்டி யாருடையது என்பதற்கு ஆர்.சி. புக் என்று ஒன்று உண்டு. நமக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. விற்றவர் ‘விற்றேன்’ என்றும், வாங்கினவர் ‘வாங்கினேன்’ என்றும் எழுதிக் கொடுத்து, அந்தப் புத்தகத்தில் பெயரை மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு படிவம் உண்டு. அவர் எங்கள் வீட்டுக்கே வந்து இரண்டிலும் ரேகை வைத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போடத் தெரியும், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும், எதற்கு வம்பு என்றார். நான் இரண்டு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிரைண்டருக்கு மேலே இருந்த அலமாரியில் வைத்தேன்.

வைத்தவன் வைத்தவன்தான். ஆபீஸ் என்றாலே நான் தள்ளிப்போடுவேன். மாவு வேலைக்கு விடிவதற்கு முன் எழுந்தால், ஆபீஸ் திறக்கும் நேரத்துக்குக் கண் சொக்கும். போலீஸ் நிறுத்தினாலும் புத்தகம் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். பெயரை யாரும் கேட்கவில்லை. இன்சூரன்ஸைக்கூட அவர் பெயரிலேயே புதுப்பித்தேன். அவ்வளவு சோம்பல்.

இடையில் ஒரே ஒரு முறை, பேர் மாற்றியாயிற்றா என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். சரி என்று தலையாட்டினார். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத மனுசர், என் வாயிலிருந்து வந்த அந்த ‘அடுத்த வாரத்தை’ அப்படியே நம்பிவிட்டார். ஒரு வருசம் தாண்டிவிட்டது.

ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அரசாங்கம் பெண்களுக்கு மாதாமாதம் உரிமைத்தொகை கொடுக்கிறது அல்லவா, அதற்கு அக்கா மனுப் போட்டிருந்தாராம். தள்ளுபடி ஆகிவிட்டது. வீட்டில் கார் இருக்கிறவர்களுக்குக் கிடையாது என்பது விதி. அவர்கள் வீட்டில் கார் இருக்கிறதாம்.

“வண்டி ஒங்க வாசல்ல நிக்கி தம்பி. கம்ப்யூட்டர்ல எங்க வாசல்ல நிக்குதாம்.”

கோபம் இல்லாமல்தான் சொன்னார். எனக்கு அது அறைந்த மாதிரி இருந்தது. மேல்முறையீடு செய்ய முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள், அதில் மூன்று நாள் போய்விட்டது என்றார். நான் உள்ளே போய் அலமாரியில் அந்த உறையைத் தேடினேன். மாவு படிந்து வெள்ளையாக இருந்தது. என் வீட்டுக்காரி பின்னாலேயே வந்து, மாவைக்கூட ராத்திரி மட்டும்தான் புளிக்க வைப்பது, நீங்கள் தாளை ஒரு வருசம் புளிக்க வைத்திருக்கிறீர்கள் என்றாள். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “இருவது வருசமா எறால் உரிக்கா. கூலி வரும், வீட்டுக்குப் போயிரும். அவளுக்குன்னு, அவ பேருல ஒண்ணு வந்ததில்ல. அதான்.”

மறுநாளே இருவரும் வண்டியில் ஆபீசுக்குப் போனோம். ஜன்னலில் இருந்தவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இது ரேகையா, மை கொட்டியதா என்று கேட்டார். நானும் அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். உருண்டையாக இரண்டு கறுப்புப் புள்ளி. உள்ளே ஒரு கோடு இல்லை.

தாள் கிடக்கட்டும், இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான், விற்றவரின் ஆதாரில் இருக்கிற போனுக்கு ஓர் எண் வரும், அதைச் சொன்னால் போதும் என்றார். போன் எங்கே என்று கேட்டார்.

“கடல்ல.”

“கடல்லன்னா?”

“மடியில வச்சிருந்தேன் சார். குனிஞ்சேன், போயிட்டு. எறங்கி அரைமணி நேரம் தடவிப் பாத்தேன். ரெண்டு சங்கு கெடைச்சிது. போன் கெடைக்கல.”

ஜன்னல்காரர் சிரித்துவிட்டார். அந்தப் போன் நம்பரும் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. புது எண்ணை ஆதாரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று நல்லபடியாகவே சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாள் ஆதார் மையத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண்பிள்ளை விரலை மிஷினில் வைக்கச் சொன்னாள். கட்டைவிரல் வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. பத்து விரலும் சிவப்புதான். கண்ணைக் காட்டினாலும் போதும் என்றாள். வெயிலிலும் உப்பிலும் கிடக்கிறவர்களுக்குக் கண்ணின் கறுப்பை மூடிக்கொண்டு சதை வளருமே, அது அவருக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. கண் மிஷினும் அவரை யாரென்று தெரியாது என்றுவிட்டது.

அந்தப் பெண் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. சங்கும் மண்ணும் கயிறும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து எல்லாக் கோட்டையும் அழித்துவிட்டிருந்தன. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இப்படித்தான், நாங்கள் ஒரு வழி சொல்லி அனுப்புவோம் என்றாள். கைக்கு மூன்று வாரம் ஓய்வு. கடல் தண்ணீர் படக்கூடாது, சொரசொரப்பாக எதையும் தொடக்கூடாது, எண்ணெய் தடவ வேண்டும். ரேகை திரும்ப வளரும்.

வெளியே வந்தோம். அது சங்கு சீசன். வருசத்தில் அவர் கை ஓயக்கூடாத மாதங்கள். கடலுக்குப் போங்கள் அண்ணாச்சி, நான் வேறு வழி பார்க்கிறேன் என்றேன். எனக்கு வேறு வழி ஒன்றும் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். அவர் கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு தேய்த்துப் பார்த்துக்கொண்டே, முப்பதில் ஐந்து போயிற்று, மூன்று வாரம் வைத்தால் இருபத்தாறு, நாலு நாள் மிச்சம் இருக்கிறது என்றார். அவ்வளவுதான். மறுநாள் படகு அவர் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அக்கா காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பு அவர் இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய பருத்திச் சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிவிட்டுப் போவார். அவர் வாசலில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? மாப்பிள்ளைக்கு மருதாணி சிவந்துவிட்டதா, பொண்ணு எந்த ஊர் என்று போகிற வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். ஒருவன் அவர் வாயில் முறுக்கு ஊட்டிவிடவே வந்தான். அவரும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

தினமும் மாவு போட்டு முடித்துவிட்டு அங்கே போய் உட்காருவேன். கை இல்லாமல் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. மீன்காரம்மா வந்தால் என்னைத் தொடச் சொல்வார். நான் தொட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கிறது என்பேன். நல்லாத்தான் என்றால் என்ன அர்த்தம், அமுக்கினால் சதை திரும்பி வருகிறதா, குழி நிற்கிறதா என்று கேட்பார். நான் மறுபடி தொடுவேன். அவருக்குத் திருப்தி இருக்காது. என் விரல் சொல்வது அவருக்கு எட்டவில்லை. ஒரு நாள் தக்காளிக்குக்கூட இப்படி ஆனது. கடைசியில், போங்க தம்பி, வாங்காமலே இருப்போம் என்றுவிட்டார்.

கைக்கு ஓய்வு கொடுத்த ஒன்பதாம் நாள் காலையில் காற்று வலுத்தது. கரைக்கு வந்த படகு ஒன்று அலையில் குறுக்கே திரும்பிச் சாயப் பார்த்தது. உள்ளே இரண்டு பேர். கரையில் நின்றவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஆள் போதவில்லை. இவர் ஓடினார். நான் அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கினேன். கூப்பிட்டேன், கேட்கவில்லை. துணிச்சுற்றோடுதான் கயிற்றைப் பிடித்தார். இரண்டு இழுப்பில் துணி கிழிந்து போயிற்று. படகு நிமிர்ந்து, ஆட்கள் நல்லபடியாக இறங்கினார்கள். இவர் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்த தோல் பாதி கயிற்றோடு போய்விட்டது.

சாயங்காலம் அக்கா வந்து பார்த்தார். நல்ல தண்ணீர் கொண்டுவந்து கழுவினார். எண்ணெய் தடவினார். துணியைச் சுற்றிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“விட்டுருங்க தம்பி. நாளைக்குக் கடலுக்குப் போகச் சொல்லுங்க. எனக்கு வராட்டா என்ன, இதுவரைக்கும் வந்துக்கிட்டா இருந்தது?”

அவர்தான் பதில் சொன்னார். “ஒனக்கு வாரது ஒண்ணு, என் வெரலால நின்னு போச்சுன்னு இருக்கப்படாது. நல்லா இறுக்கிக் கட்டு.”

அதன் பிறகு அவர் கரைப் பக்கமே போகவில்லை. கடல் தெரியாத பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஒரு சத்தம் கேட்டால் உடம்பு எழும்பும், பிறகு உட்காரும். பன்னிரண்டு நாள் அப்படி இருந்தார். நான் தினமும் போன் வெளிச்சத்தை அடித்து அவர் விரலைப் பார்ப்பேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஏதோ இருக்கிற மாதிரி இருக்கும். இருக்கிறதா, நான் ஆசைப்படுவதால் தெரிகிறதா என்று சொல்ல முடியாது.

முப்பதில் இருபத்தாறாம் நாள் மூன்று பேரும் ஆதார் மையத்துக்குப் போனோம். அக்கா இறால் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். அதே பெண்பிள்ளைதான் இருந்தாள். துணியை அவிழ்த்தோம். அவர் கட்டைவிரலை மிஷினில் வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. வலது கை முழுக்க ஆயிற்று. இடது கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். எல்லாம் சிவப்பு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் வருத்தம்தான். இன்னொரு தடவை பார்ப்போம், இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றாள். எங்களுக்கு ஏது ஒரு வாரம்?

அதுவரை பின்னால் நின்ற அக்கா முன்னால் வந்தார்.

“நான் வச்சுப் பாக்கட்டா?”

“நீங்க வச்சா ஒங்க ரேகைதாம்மா வரும்.”

“என் வெரலை இல்ல. அவுக வெரலை நான் வைக்கேன்.”

அக்கா அவருடைய இடது கையை எடுத்து மோதிரவிரலைப் பிரித்தார். கயிறு இழுக்கும்போதும் சங்கு பிடிக்கும்போதும் அதிகம் உழைக்காத விரல் அது. அதைத் தன் நெற்றி வேர்வையில் இலேசாகத் தேய்த்தார். ரேஷன் கடை மிஷினோடு மாதாமாதம் மல்லுக்கட்டுகிறவர் அக்காதான். இறால் உரிக்கிற விரலும் எளிதில் பதியாது. அந்தப் பழக்கம். விரலைக் கண்ணாடி மேல் கொண்டுபோய் வைத்தார். வைத்த உடனே அவர் கை தன் வழக்கப்படி அழுத்தப் போயிற்று. அக்கா அவர் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

“அமுக்காதிய. எதையும் தேடாதிய. சும்மா இருக்க விடுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை தளர்ந்தது. ஒரு பூ விழுந்த மாதிரி அந்த விரல் கண்ணாடியில் கிடந்தது. பச்சை எரிந்தது.

அந்தப் பெண், வந்துட்டு அண்ணாச்சி என்றாள். வரிசையில் முனகிய ஒருத்தர் கை தட்டினார். கண்ணைத் திறந்தவர் மிஷினைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா துணிகளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாளில் புது எண் ஆதாரில் ஏறியது. அவர் போனுக்கு வந்த எண்ணைச் சொன்னோம். வண்டி என் பெயருக்கு மாற எல்லாம் பதிவாயிற்று. அந்த ரசீதை வைத்து இருபத்தொன்பதாம் நாள் மேல்முறையீடு போட்டோம். அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சில மாதம் கழித்து, பணம் ஏறியதாக அக்கா போனுக்குச் செய்தி வந்தது. முதல் மாதம் அவர் அதைத் தொடவே இல்லையாம். இருக்கிறதா என்று பார்க்க வங்கிக்குப் போய், இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டாராம். இப்போது இருவரும் மகள் ஊரோடு போய்விட்டார்கள். எப்போதாவது போன் செய்வார்கள்.

மேல்முறையீடு போட்ட மறுநாள் அவர் கடலுக்குப் போனார். மாவு வேலையை முடித்துவிட்டு, படகு திரும்பும் நேரத்துக்கு நான் கரைக்குப் போனேன். அன்றைக்கு அவருக்கு நிறையக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. படகு வந்தது. மற்றவர்கள் பங்குக்குச் சங்கு குவிந்து கிடந்தது. இவர் பங்கில் நாலைந்துதான். இறங்கி வந்தார். விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உப்பு பட்டு எப்படி எரிந்திருக்கும் என்று பாருங்கள்.

என்ன அண்ணாச்சி என்றேன். அவர் மணலில் உட்கார்ந்து கையைப் பார்த்தார்.

“இந்தக் கையி எனக்குப் புரியல தம்பி. தொட்டா எல்லாம் தெரியுது. மணலு ஒவ்வொண்ணாத் தெரியுது. கல்லு, சிப்பி, பாசி, எல்லாம் ஒண்ணாச் சத்தம் போடுத மாரி இருக்கு. அதுல சங்கு எதுன்னு கண்டுபிடிக்க முடியல.”

ஒரு வருசம் சோம்பி அலமாரியில் வைத்திருந்தவன் நான். வலித்தது அவருக்கு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாய் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ரத்தம் படாத பக்கமாகத் தன் புறங்கையை என் தோளில் வைத்தார்.

“ஒரு மாசம்தான். இந்த ரேகை எல்லாம் அழிஞ்சிரும். நீங்க வெசனப்படாதிய” என்றார்.